ஒத்தை வரிசை

அவிநாசித் தேருக்கு வந்திருந்த ராட்டினத்தில் அந்த வருஷம் ஆள் ஏற்றிவிட்டவன் நான். பெட்டிக்கு நாலு பேர். குடும்பங்கள் மூன்று மூன்று பேராக வந்து நிற்க, ஓரிடம் காலியாகவே சுற்றும். அதற்காகத் தனியாக வருகிறவர்களுக்கு ஒத்தை வரிசை ஒன்று போட்டேன். சீக்கிரம் ஏறிவிடலாம். ஆனால் கைகாட்டின பெட்டியில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் வெளியே வேடிக்கை பார்க்கலாமே தவிர, பெட்டிக்காரர்கள் பேச்சுக்குக் காதுகொடுக்கக் கூடாது. இதைக் கூவிச் சொல்லித்தான் ஆள் ஏற்றுவேன்; மீறினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வரிசையில் ஒரு பெண்ணும் பையனும் முன்பின் தெரியாதவர்கள் போல நின்றார்கள். இருவரும் ஒரே பனியன் கம்பெனி. பையன் மெல்ல என் காதோரம் வந்தான்.

"அண்ணே, எம்பேரு முனீஸ். என்னையும் முன்னால நிக்கிற வேல்விழியையும் ஒரே பெட்டியில போடுங்கண்ணே. நாளைக்கு ஊருல அவளப் பொண்ணு பாக்க வர்றாங்க. இன்னைக்கு நான் கேக்கலைன்னா போச்சு. வேற எங்கயும் பேச முடியாது, ஹாஸ்டல் வார்டன் அந்தா நிக்கிறாங்க."

வார்டன் ராமுத்தாய் கரும்புச்சாறுக் கடையோரம் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தை வரிசையில வந்துட்டு ஜோடி கேக்கறீங்களா? ஆகாதுங்க தம்பி" என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்னால் நிற்பவர்கள் சும்மா விடுவார்களா?

வேல்விழியை ஒரு குடும்பத்தோடு ஏற்றினேன். முனீஸுக்கு அடுத்த பெட்டி. அவள் உச்சிக்குப் போன நேரம், பின்னாலிருந்து அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"வேல்விழி! என்னைக் கட்டிக்கிறியா?"

தேர்க்கூட்டமே அண்ணாந்து பார்த்தது.

"கத்தித் தொலைக்காத! எறங்கிச் சொல்றேன்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

ராமுத்தாய் விறுவிறுவென்று என்னிடம் வந்தார். இறங்கிய இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, இவிங்க ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில ஏத்துங்க" என்றார் ராமுத்தாய். "தனியா உட்டா எம்பட வேலை போயிரும். எனக்கொரு ஒத்தை டிக்கெட் குடுங்க."

மூவரையும் ஏற்றினேன். நாலாவது இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. நான் போட்ட விதிதானே, நானே மீறினால் என்ன!

ராட்டினம் நிற்கும்வரை ராமுத்தாய் கோயில் கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கும்போது வேல்விழி அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கை முனீஸ் கைக்குள் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க அக்கா, புள்ள என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

ராமுத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் ஒத்தை டிக்கெட்டுங்க."