நாலு ஓம் பாரம்

திண்டுக்கல்லில் சிமெண்டு மூட்டை தூக்குகிறவனையும் டிவி தூக்குகிறவனையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். மூட்டை தூக்க முதுகு போதும். டிவி தூக்கப் பேர் வேண்டும். இந்த ஆளுக்குக் கை நழுவாது என்று நாலு கடைக்காரர் சொன்னால்தான் கண்ணாடிச் சாமான் நம்மை நம்பி வரும். ஒரு தடவை கீழே போட்டவனுக்கு எங்களுக்குள் 'நழுவல்' என்று பட்டம். பட்டம் விழுந்தால் மறுநாளே மூட்டைக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் வெங்காய மூட்டை தூக்கிக் கழுத்தெலும்பு தேய்ந்துபோய், இனித் தலைச்சுமை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கிளெமென்ட் முதலாளியின் டிவிக் கடைக்கு வந்தேன். எட்டு வருஷத்தில் ஒரு சாமானைக்கூடக் கீழே விட்டதில்லை. அந்தப் பேரை அவர் ஒரே வார்த்தையில் பிடுங்கப் பார்த்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்று, ஆடி மாசம். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிற நல்லுசாமி என்பவர் எங்கள் கடையில் ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று வாங்கினார். சினிமாத் தட்டு ஓட்டுகிற பெட்டியிலிருந்து வருகிற சத்தத்தைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சாமான் அது. பார்க்கச் சின்னது, தூக்கினால் ஒரு ஆட்டுக்குட்டி கனம். அதற்கென்று ஸ்பீக்கர் தனியாக விற்கிறார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். முன்னே அவரிடம் ஒரு டூரிஸ்ட் வேன் இருந்தது. விற்கும்போது வண்டியைக் கொடுத்தாரே தவிர அதிலிருந்த நாலு ஸ்பீக்கரைக் கொடுக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் இரண்டு பெட்டி செய்து, பெட்டிக்கு இரண்டாகப் பதித்து வைத்திருந்தார். இது அதுக்குச் சேருமா என்று இரண்டு தடவை கேட்டார். தாராளமாகச் சேரும் என்று முதலாளி மூன்று தடவை சொன்னார்.

ஒரு பெட்டிக்காக லோடு ஆட்டோ எதற்கு என்று என்னை டவுன் பஸ்ஸில் அனுப்பினார்கள். வழி நெடுக மடியை விட்டு நான் இறக்கவில்லை. அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்துக் கண்டக்டர், கைப்பிள்ளைக்கு டிக்கெட் வேணாம், இந்தப் பிள்ளைக்கு லக்கேஜ் போடணும்யா என்றார். பஸ்ஸே சிரித்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

மாட்டிக் கொடுக்க முகேஷ்குமார் பைக்கில் வந்து சேர்ந்தான். முப்பது வயசு ஆள். கடையில் அவனுக்கு இஞ்சினியர் என்று பேர். யார் வைத்ததென்று தெரியாது, அவனே வைத்துக்கொண்டதாகத்தான் என்னோடு லோடு தூக்குகிற சடையாண்டி சொல்வான்.

எனக்கு முப்பத்தாறு வயதில்தான் எழுத்து வந்தது. அறிவொளி வகுப்பில் ஜெயமேரி டீச்சர் சொல்லிக் கொடுத்தது. பிந்தி எழுத்து வந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதில் எழுதியிருந்தாலும் படிக்காமல் விடமாட்டான். இங்கிலீஷ் வராது, எண் வரும். முகேஷ்குமார் தேக்குப் பெட்டியின் முதுகைக் கழற்றி வைத்திருந்தபோது ஸ்பீக்கரின் பின்பக்கம் பார்த்தேன். நாலு என்று போட்டு, பக்கத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு குறி. நாலு ஸ்பீக்கரிலும் அதேதான். ரிசீவரின் முதுகிலும் வயர் சொருகுகிற இடத்தில் அதே லாடம் இருந்தது. ஆனால் அங்கே எட்டு, ஒரு கோடு, பதினாறு.

ஏப்பா, இதுல எட்டு போட்டிருக்கு, அதுல நாலு போட்டிருக்கே என்று கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது ஓம்ணே. நீங்க வேதக்காரரு, உங்களுக்கு எதுக்கு ஓம்? போய் அப்படி உக்காருங்க."

கிறிஸ்தவனுக்கு ஓம் எதற்கு என்ற கேலிக்கு நல்லுசாமி வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவனே இரக்கப்பட்டு, எட்டு தூக்குறவன் நாலைத் தூக்க மாட்டானாண்ணே என்றான். அது எனக்குச் சரியாகவே பட்டது. எட்டு மூட்டை ஏற்றுகிற வண்டியில் நாலு மூட்டை ஏற்றினால் மாடு சந்தோஷப்படும். என் தொழில் கணக்கு அதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இதில் நான் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அம்புட்டுதான்.

ஒரு பெட்டியிலிருந்த இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றாக முறுக்கி ஒரே துளையில் சொருகினான். அடுத்த பெட்டியையும் அப்படியே. சத்தம் தெருமுனை வரை கேட்டது. நல்லுசாமி, என் வேனே வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு என்றார். காப்பி கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே அது தானாக அணைந்திருக்கிறது. செத்த நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடி பாடும். மறுநாளும் அதே கதை. நல்லுசாமி போன் போட்டுக் கேட்டதற்கு முகேஷ்குமார், சூடாகுது, டேபிள் ஃபேனை அது மேல திருப்பி வைங்க என்றிருக்கிறான். அவரும் மனுஷருக்கு இல்லாத காற்றை அதற்கு விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் மத்தியானம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று நின்று, வயர் கருகின நாற்றம் வந்திருக்கிறது. நாலாம் நாள் காலை பெட்டியோடு கடைக்கு வந்துவிட்டார்.

நாங்கள் ஐந்து லோடுமேன்கள் வாசலில் நின்றோம். முதலாளி மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். முகேஷ்குமாரைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ பேசினார். பிறகு படிக்கட்டுக்கு வந்து, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பவுல்ராஜ் கொண்டு போறப்பவே கீழ போட்டிருக்கான். உள்ள ஒடைஞ்சிருக்கு. அதான் மூணு நாளு தாங்கிப் போயிருச்சு."

நான் போடலை முதலாளி என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். என் பக்கத்தில் நின்ற நாலு பேரும் கீழே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இன்னொருத்தனுக்குப் பட்டம் விழுந்த அன்று நானும் அப்படித்தான் கீழே பார்த்தேன்.

நல்லுசாமியை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். இப்போது குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. மேஜையில் ஒரு தாள். பக்கத்தில் கைநாட்டு வைக்கிற மை டப்பா.

விஷயம் இதுதான். தப்பாக மாட்டிக் கெட்டுப்போனால் கம்பெனி திரும்பிப் பார்க்காது. கொண்டுபோகிற வழியில் சேதம் என்று எழுதிக் கொடுத்தால் வேறு தருவார்கள். அந்தக் கஸ்டமருக்குப் புதுசு கிடைக்கும், கடைக்கும் நட்டமில்லை, உன் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்க மாட்டேன், யாருக்கும் கெடுதல் இல்லை பவுலு என்றார். யாருக்கும் என்பதில் என்னை அவர் சேர்க்கவே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

தாளை எடுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் படிப்பேன். 'எனது கவனக்குறைவால் கைதவறிக் கீழே விழுந்துவிட்டது' என்று இருந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை அவர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். சரி, கையெழுத்துப் போடத்தான் தெரியுமே, மை டப்பா எதற்கு என்று கேட்டேன்.

"கையெழுத்துன்னா கம்பெனிக்காரன் நாலு கேள்வி கேப்பான். ரேகைன்னா, பாவம் படிக்காதவன், நெசத்தைத்தான் சொல்லுவான்னு விட்டுருவான்."

நான் மூன்று வருஷம் மூட்டை இறக்கிவிட்டு, கழுவின கை காய்வதற்குள் ஓடி ஓடி அந்த வகுப்புக்குப் போனவன். என் பேரை முதல் தடவை நேர்கோட்டில் எழுதிய அன்று பெண்டாட்டி அந்த நோட்டை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இவர் பொய்யைத் தூக்க என்னை மறுபடி கைநாட்டாக்கப் பார்க்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேரே பேகம்பூருக்கு நடந்தேன். அங்கே பக்ருன்னிசா என்ற பெண் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தது. புருஷன் துபாய் போகும்போது பாதியில் விட்ட வேலைகளை முடிக்க உட்கார்ந்து, பிறகு அவரைவிட நன்றாகச் செய்கிறது என்று பேர் எடுத்த பெண். ஒரு காலண்டர் அட்டையில் லாடத்தை வரைந்து காட்டி, இது என்ன தங்கச்சி என்று கேட்டேன்.

ஓம் என்றது. சாமி பேரா என்றேன். சிரித்துவிட்டு, தடைக்கு வைத்த அளவு அண்ணே என்றது. கரண்ட் ஓடுவதை ஸ்பீக்கர் எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் அந்த எண்.

"எண்ணு கொறைஞ்சா தடை கொறைஞ்சிரும். கரண்ட் கூடுதலா ஓடும். ஓம் கொறையக் கொறைய மிஷினுக்கு லோடு கூடும்ணே."

அந்த வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். நாலுதான் கனம், எட்டு லேசு. கேட்டவுடன் யாருக்கு ஒப்பும்? அந்தப் பெண்ணே கிடங்கிலிருந்து இரண்டு வேன் ஸ்பீக்கரை எடுத்து மீட்டரை வைத்தது. ஒன்றில் நாலுக்குப் பக்கத்தில் முள் நின்றது. இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்தது. முள் ரெண்டுக்கு இறங்கியது. ரெண்டு நாலும் எட்டு ஆகும் என்றுதானே நான் நினைத்தேன். ஆகவில்லை.

நாகல் நகர் பாலத்து இறக்கம் நினைவுக்கு வந்தது. மேட்டில் ஏற்றும்போது கைவண்டி நம்மைத் தடுக்கும், கஷ்டம்தான், ஆனால் நம் பிடியில் இருக்கும். இறக்கத்தில் தடுக்க ஒன்றும் இல்லை, பாரம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கால் தேய்ந்து, செருப்பு அறுந்து, வேட்டி கிழிந்து நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். அந்தப் பெட்டியை மூன்று நாள் அந்த இறக்கத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். போதாததற்கு டேபிள் ஃபேன்.

மறுநாள் காலை நல்லுசாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தாளை மேஜையில் வைத்தேன். மை டப்பாவை முதலாளி திறந்தார். நான் திறக்க வேண்டாம் என்றேன்.

ரிசீவரைத் திருப்பி, எட்டைத் தொட்டுக் காட்டி, இதற்குக் குறைந்தால் மிஷின் தாங்காது என்றேன். அவருடைய ஸ்பீக்கரில் நாலு இருப்பதையும், இரண்டைச் சேர்த்ததால் ரெண்டு ஆனதையும் சொன்னேன். முதலாளி, எனக்கு நீ பாடம் எடுக்கிறியா என்றார். நான் நல்லுசாமியைப் பார்த்தே பேசினேன். வேன் ஓட்டின மனுஷர். சிறுமலை இறக்கத்தில் கியரில் போடாமல், பிரேக் இல்லாமல் வண்டியை விட்டால் என்ன ஆகும் ஐயா, அதுதான் இது என்றேன். அவர் முகேஷ்குமாரைக் கூப்பிட்டு, கீழே விழுந்த சாமான் எப்படிய்யா மூணு நாள் தெருமுனை வரைக்கும் பாடுச்சு என்று கேட்டார். அவன் சூடு என்றான், வோல்டேஜ் என்றான், மழைக்காலம் என்றான். ஆடியில் எங்கள் ஊரில் என்ன மழை.

"புதுசு குடுத்தாலும் இதே ஸ்பீக்கர்ல மாட்டுனா மூணு நாள்ல அதுவும் கருகும். அப்பவும் நான்தான் கீழ போட்டேன்னு சொல்லுவீகளா முதலாளி?"

நல்லுசாமி எழுந்து, சேருமான்னு ரெண்டு தடவை கேட்டேனேய்யா என்றார். அப்போதுதான் முதலாளிக்கு முகம் வெளுத்தது. என்னைப் பொய்யனாக்கியபோது வெளுக்கவில்லை. வேறு ரிசீவரும், அந்தப் பெட்டிகளில் பதிக்க எட்டு போட்ட ஸ்பீக்கர்களும் கடைச் செலவிலேயே தருவதாக ஒப்புக்கொண்டார். தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சரி பவுலு, விடு, ஏதோ நடந்துபோச்சு என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, எரியோட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் போகணும், நீயே எடுத்துக்கோ என்றார்.

நான் நகரவில்லை.

கூடையில் போட வேண்டியது தாள் மட்டும்தானா? படிக்கட்டில் நின்று ரோட்டுக்கே கேட்கச் சொன்னதை, ஏசி ரூமுக்குள் காதோடு சொல்லி எடுத்துவிட முடியுமா? எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், எங்கே நின்று சொன்னீர்களோ அங்கேயே நின்று இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். உனக்கு இம்புட்டு ஆகிப்போச்சா என்றார். ஆகிப்போச்சு என்றேன். நல்லுசாமி, அந்த ஆளு கேக்கறதுல என்ன தப்பு, நான் போக நேரமாச்சு, சொல்லிட்டு வாங்க என்றார். கஸ்டமர் சொன்னதால்தான் வந்தார். எனக்காக வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

படிக்கட்டில் நின்று, பவுல்ராஜ் போடலை என்று முணுமுணுத்தார். ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சடையாண்டி பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன சொன்னீக முதலாளி? சத்தம் பத்தலை."

மற்ற மூன்று பேரும் எங்கோ பார்த்தபடி உதட்டைக் கடித்தார்கள். முதலாளிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பவுல்ராஜ் கீழே போடவில்லை, மாட்டினதுதான் தப்பு, போதுமா என்று கத்தினார். திட்டுகிற மாதிரிதான் கத்தினார். எதிர்த்த டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

முகேஷ்குமாரை முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் அவனுக்கு இஞ்சினியர் என்றுதான் பேர். நான் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜிடம் போனேன். சடையாண்டி அந்தப் பக்கம் பிடித்தான். தூக்குவதற்கு முன்னால், இது எத்தனை ஓமுடா என்றான். பேசாமல் தூக்குடா என்றேன்.