காதில் விழுந்த வெயில்

"ஆடாதேங்கோ" என்றாள் றோஸி.

நான் ஆடவில்லை. மூச்சு விட்டேன், அவ்வளவுதான். ஆனால் கையில் தூரிகையோடு நிற்கும் மனைவியிடம் வழக்காடும் அளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் எங்கள் வீடு. பின்னேரங்களில் மேற்கு ஜன்னலால் வெயில் தாராளமாக உள்ளே வரும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் பேப்பரோடு கதிரையில் இருக்க வேண்டும். அப்போது வெயில் என் காதுக்குள்ளால் ஊடுருவி, அது உள்ளே விளக்குக் கொளுத்தியதுபோல் சிவப்பாக எரியுமாம். அடுத்த மாதக் கண்காட்சியில் ஒரு படத்துக்கு இடம் தந்திருந்தார்கள். அவள் வைக்க நினைத்தது இந்தப் படத்தைத்தான். பள்ளிக்கூடத்தில் என் பெயர் சுளகுக்காதன். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவன்கூட "காது வடிவாத் தெரிய வேணும்" என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அப்படிப்பட்ட காதை ஒருத்தி ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

இத்தனைக்கும் அவள் காதைத் தொடவேயில்லை. சட்டை, சுவர், பேப்பர் எல்லாவற்றையும் மங்கலாக்கிக்கொண்டே போனாள்.

"காது எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"வெள்ளையை அப்பினா வெளிச்சம் வராது. பக்கத்தில இருட்டு இருந்தாத்தான் அது எரியும். பொறுங்கோ."

பொறுக்க நான் தயார். பக்கத்து வளவு தயாராக இல்லை. அங்கே இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி ஃபிளட் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனத்துக்கு இருக்க இடம் வேண்டும். நானும் அப்படி வந்து ஏறினவன்தான், வாய் திறக்க முடியாது. றோஸி இந்த ஊரிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், அவள் தாராளமாகத் திறந்தாள். ஃபிளட்டின் பக்கச் சுவர் பெரிய மதில்போல் ஒவ்வொரு வரிசையாக உயர, வெயில் என் கழுத்தை விட்டுத் தோளுக்கு, தோளை விட்டுத் தரைக்கு என்று போக்குக் காட்டியது.

கடைசியில் நானே இறங்கிப் போய், மேசன் பாஸிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், எங்கள் ஜன்னல் பக்கத்தை மட்டும் கடைசியாகக் கட்ட முடியுமா, வீட்டுக்காரி நோனா படம் கீறுகிறாள் என்று கேட்டேன். வெயிலுக்குத் தான் கொந்தராத்து எடுக்கவில்லை என்று அவர் சிரித்தார். கட்டட வேலைக்காக எங்கள் பைப்பில் தண்ணீர் பிடிக்க வரும் கூலியாள் அழகுமுத்து கலனோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஹட்டன் பக்கத்து ஆள், கல்யாணமானவன்.

அந்தக் கிழமையே வேலை நின்றது. விடியப்புறம் பொலிஸ் சுற்றிவளைத்து ரவுண்ட்அப் நடந்து, கட்டடத்தில் படுத்திருந்தவர்களில் வெளியூர்த் தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவு இல்லாத ஐந்தாறு பேரை ஏற்றிப் போய்விட்டார்கள். அழகுமுத்துவும் அதற்குள். பதிவில்லாமல் ஆள் வைத்த பயத்தில் பாஸும் தலைமறைவு.

மதில் பாதியில் நின்றது. அன்று பின்னேரம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மதிலில் ஜன்னலுக்கென்று விட்டிருந்த ஓட்டையால் வெயில் வந்து, கேளாமலே என் காதில் ஏறியது. நான் பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தேன். றோஸி தூரிகையை எடுத்தாள், வைத்தாள்.

"அந்தப் பொடியள் உள்ளுக்க இருக்கேக்க இந்த வெயிலை வச்சுக்கொண்டு நான் என்னத்தைக் கீறுறது? எழும்புங்கோ."

பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். தமிழன் தானாகப் பொலிசுக்குப் போவது, வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்கிற வேலை. மேசையில் இருந்தவர் அவர்கள் எங்களுக்கு என்ன முறை என்று சிங்களத்தில் கேட்டார். றோஸி தயங்கவேயில்லை.

"அபே கெதர வெட கரன அய."

எங்கள் வீட்டு வேலை செய்கிறவர்கள். காலையும் மாலையும் இவள் திட்டித் தீர்த்த கட்டடம் திடீரென்று எங்கள் வீடாகிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். அவர் எங்கள் அட்டைகளை வாங்கி, என் காதையும் படத்தில் உள்ள காதையும் நன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கட்டடத்தின் உண்மையான சொந்தக்காரரும் வந்து கையெழுத்து வைத்தபின் ஒருவர் விடாமல் வெளியே விட்டார்கள்.

"எங்கட வீட்டு வேலை எப்ப முடியும்?" என்று வழியில் அவளைச் சீண்டினேன்.

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேலை மறுபடி தொடங்கியது. மதில் ஏறி ஜன்னலை முழுதாக மறைத்தது. பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது, காது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கன்வஸோடு. கண்காட்சிக்கு வைக்க ஒன்றுமில்லை என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணியோடு இருந்தோம். வழக்கத்துக்கு மாறாக அறை வெளித்துக் கிடந்தது. லைட்டை நிற்பாட்ட மறந்துவிட்டேனாக்கும் என்று எழும்பினேன்.

"அசையாதேங்கோ" என்றாள் றோஸி.

ஜன்னலுக்கு வெளியே, சாரக்கட்டில் ஏறி நின்று அழகுமுத்து மதிலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். கிழக்கு வெயில் எங்கள் கூரைக்கு மேலால் போய் அந்த மதிலில் விழுந்து, அங்கிருந்து திரும்பி எங்கள் அறைக்குள் வந்தது. எரிகிற வெயிலல்ல, பால் போன்ற வெளிச்சம்.

"கதிரையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பாருங்கோ."

அவள் புதுக் கன்வஸை இழுத்து வைத்தாள். காதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும், அந்த முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அழகுமுத்து எட்டிப் பார்த்தான். "இது மொதக் கோட்டுதாங்கம்மா. இதுக்கு மேல பச்ச அடிக்கச் சொல்லியிருக்காங்க. நாளைக்கே ஆரம்பிக்கணும்."

றோஸியின் கை நின்றது. அவன் மதிலைப் பார்த்தான், பிறகு அவள் முன்னால் இருந்த வெறும் கன்வஸைப் பார்த்தான்.

"இந்தப் பக்கத்தக் கடைசியா அடிச்சுக்கிறேங்க. பாஸுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த நாளிலிருந்து மதிலின் தூரத்து மூலையில் பச்சை ஏறத் தொடங்கியது. பட்டை பட்டையாக அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஜன்னலுக்கு நேரே மட்டும் மதில் வெள்ளையாகவே இருந்தது. நான் ஆடாமல் இருந்தேன், மூச்சைக்கூட மெல்ல விட்டபடி.