அப்பாவின் நம்பர்

எனக்கு ஒன்பது வயதிலிருந்து டைப் ஒன் சர்க்கரை. நாலு வேளையும் இன்சுலின் ஊசி. துபாயில் ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்களுடைய இன்சூரன்ஸ் முதல் ஆறு மாதம் பழைய நோய் எதற்கும் பொறுப்பேற்காதாம். அதுவரைக்கும் நானே ஒரு பாலிசி எடுத்துக் காட்டினால்தான் வேலை. சர்க்கரை என்றதுமே ஒவ்வொரு இன்சூரன்ஸ்காரரும் கையை விரித்தார். கடைசியாக ஒரு கம்பெனி மட்டும், என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, போனில் சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்றது.

போன் வரவில்லை, மெயில் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததும் போனில் சொன்னதும் ஒத்துப்போகவில்லையாம், விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்களாம். போனில் யார் சொன்னது? ஏஜென்ட் செந்தூர்பாண்டி மாமாவைப் பிடித்தேன்.

"ஒங்க அப்பா நம்பரத்தான் குடுத்தேன் தாயி. பொம்பளப்பிள்ள நம்பர கண்டவுகளுக்கும் குடுக்க முடியுமா?"

எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். இருபத்தாறு வயதாகியும் என் ஆதாரில்கூட அப்பா நம்பர்தான். எரிச்சலை அடக்கிக்கொண்டு சிவகாசியில் அப்பாவின் பட்டாசுக் கடைக்குப் போனேன். தீபாவளி சீசன். பட்டாசுப் பெட்டிகளுக்கு நடுவில் அப்பா நின்றிருந்தார்.

"போன்ல என்னப்பா சொன்னீக?"

"விருதுநகருக்கு ஒன் ஜாதகம் போயிருக்குல்ல? ஒருத்தி போன் போட்டு, பொண்ணு எடை என்ன, சுகர் இருக்கா, தைராய்டு இருக்கான்னு கேட்டா யாருன்னு நெனைக்க? கம்பெனி பேரு சொன்னா. மாப்பிள வேல பாக்குற கம்பெனி போலன்னு நெனச்சேன். எம்மகளுக்குத் தலவலிகூட வராது, அல்வாவ அரக்கிலோ திம்பான்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். என் ஊசியை ஊருக்கெல்லாம் சத்து ஊசி என்று சொல்லியே பழகிய மனிதர். இப்போது அதே நம்பரிலிருந்து அவரே திருத்திச் சொன்னால்தான் பாலிசி என்றிருந்தது மெயிலில். போனைப் போட்டுக் கையில் கொடுத்தேன்.

யாருக்கும் கேட்காமல் பேசலாமென்று குடோன் பக்கம் நடந்தவர் பாதியில் திரும்பினார். பட்டாசு குடோனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தெருவில் லாரி இரைச்சல். கல்லா மேசைதான் மிச்சம். அங்கே சரவெடி வாங்க ஆவுடைத்தாய் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் ராத்திரிக்குள் விருதுநகருக்குத் தெரிந்துவிடும்.

"உங்க மகளுக்கு நீரிழிவு இருக்கா சார்?"

"ம்."

"ஆமாம், இல்லைன்னு தெளிவா சொல்லுங்க. பதிவாகுது."

அப்பா அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமா."

"சத்தமா சொல்லுங்க சார்."

"ஆமாம்மா! எம்மகளுக்குச் சர்க்கரை! ஒம்பது வயசுல இருந்து! நாலு வேளையும் ஊசி!"

பெட்டி கட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அப்ப அது சத்து ஊசி இல்லையா?" என்றாள் அத்தை.

சரியாகிவிட்டது, பாலிசி வந்துவிடும் என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள். நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் மணி அடித்தது. இந்தத் தடவை நிஜமாகவே விருதுநகர், மாப்பிள்ளையின் அம்மா.

"பொண்ணு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

போச்சு, அல்வா கதை மறுபடியும் வரப்போகிறது என்று நினைத்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னார்:

"இருக்கும்மா. டைப் ஒன் சர்க்கரை. வேணும்னா ரெக்கார்டு பண்ணிக்கிடுங்க."