இடக்கை முடிச்சு

ஆலையில் வலது கையை மணிக்கட்டோடு பறிகொடுத்தவர் ஆராய்ச்சிக்கூடத்து நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். தோளை அசைத்தால் நூல் இழுபட்டு, அவருக்குப் பொருத்தியிருந்த மரக்கையின் விரல்கள் மடங்க வேண்டும். நேற்றுவரை மடங்கின. இன்று அசையவில்லை. வேறு வழியில்லாமல் பொம்மலாட்டக்காரியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

வந்தவள் நூலை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரு பிரிச்சுக் கட்டினது?"

"பார்க்க அழகா இருக்கட்டும்னு நான்தான் கட்டச் சொன்னேன்," என்றார் ஆராய்ச்சிக்கூடத்து இயக்குநர்.

அவள் இடக்கைக்காரி. அவள் முடிச்சை இடப்பக்கமாகச் சுற்றினால்தான் நூல் பிடிக்கும். பொம்மைக்கு அவள் கண்ட அந்த வழியும் ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் கணக்கும் எட்டு மாதம் ஒரே மேசையில் மல்லுக்கட்டித்தான் இந்தக் கை பிறந்தது. காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்ததோ இயக்குநர் பெயர் மட்டும்.

இயக்குநர் ஒரு காகிதத்தை நீட்டினார். கண்டுபிடித்தவர் அவர் ஒருவரே, முறையை இனி யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதில் இருந்தது. கீழே பொம்மலாட்டக்காரியும் பக்கத்தில் நின்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"முதல்ல கையெழுத்துப் போடும்மா. அப்புறம் முடிச்சப் போடு."

"நாங்க அரிசி கொண்டாந்தோம். நீங்க உமி கொண்டாந்து ஊதி ஊதித் தின்னீங்க, அதுகூடப் போகட்டும். இப்ப பானையவே தூக்கிட்டுப் போறீங்களே சார்?"

"அக்கா போடலைன்னா நானும் போட மாட்டேன்," என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண்.

"உனக்கு வேலை இருக்காது."

"பரவாயில்ல சார்." அவள் பேனாவை மூடிவிட்டாள்.

ஆலைத் தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஒரு டம்ளர் தண்ணிய இந்தக் கையால எடுத்துக் குடிக்கணும்மா. அவ்வளவுதான்."

பொம்மலாட்டக்காரி அவர் முன்னால் உட்கார்ந்து, முடிச்சைப் போட்டுக்கொண்டே அறை முழுக்கக் கேட்கும்படி பேசினாள். "அண்ணே, நல்லாப் பாத்துக்குங்க. இடப்பக்கமா மூணு சுத்து. நுனிய உள்ள விட்டு இழுக்கணும். உங்களுக்கு மிச்சமிருக்கிற கையே போதும். நாலு பேருக்குச் சொல்லிக் கொடுங்க."

"சொல்லக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு!" இயக்குநர் காகிதத்தைக் குறுக்கே நீட்டினார்.

ஆலைத் தொழிலாளி தோளை அசைத்தார். மரவிரல்கள் மடங்கிக் காகிதத்தைக் கவ்வின.

"விடுய்யா!"

"பிடிக்கத்தான் தெரியுது சார். விடத் தெரியலையே."

"நீங்களே பிரிச்சு எடுத்துக்குங்க சார்," என்றாள் பொம்மலாட்டக்காரி. "கண்டுபிடிச்சது நீங்கதான்னு அதுலயே எழுதியிருக்கே."

இயக்குநர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மரக்கை விட்டுக்கொடுக்கவில்லை.