முப்பத்து மூன்று வருஷத்துப் பெட்டி

அந்த அம்மாள் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த நேரத்தில், பீர் முகம்மது ஏணிமேல் நின்று ஜப்பானின் பனிக்காலத்துக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார். இது மூன்றாவது தடவை. கல்யாண மண்டபத்து மின்விசிறிகளுக்குப் பருவங்கள் மேல் மரியாதை கிடையாது; முதல் நாள் மத்தியானமே பனியைக் கிளப்பி வசந்தகாலத்தின் மேல் போட்டுவிட்டன. வசந்தகாலம் என்பது மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்த ஒரு வேப்பங்கிளை. அதில் ரோஸ் கலர் காகிதப் பூக்களை சணல் கயிற்றால் கட்டியிருந்தது. மண்டபத்தின் மூன்றாவது மூலையில் கோடைகாலத்து மூங்கில். அதில் கட்டுவதற்கு வேண்டுதல் சீட்டுகள் தனியாக விற்றார்கள். நாலாவது மூலையில் இலையுதிர்காலத்து நிலா. பட்டர் பேப்பருக்குப் பின்னால் ஒரு டியூப்லைட் எரிந்தது. அந்த நிலா அவ்வப்போது கண்ணடித்தது, ஸ்டார்ட்டர் கோளாறு.

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில், கருஞ்சாந்து நிறத்தில் மின்னிக்கொண்டு, இரட்டைக் கதவு மூடியபடி அந்தப் பெட்டி இருந்தது. மேலே பேனர்: ‘ஜப்பானியப் பருவ விழாக்களும் கோயில் பொக்கிஷங்களும்’. ஊரில் அதை யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ‘ஜப்பான் நோம்பி’ என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினார்கள்.

நோம்பியை நடத்தியவர் ஈஸ்வரமூர்த்தி. நூல் மில் முதலாளி, நட்புறவுக் கழகத் தலைவர். தொண்ணூற்று மூன்றில் மெஷின் வாங்க ஒசாக்கா போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தார். அந்த ஒன்பது நாளில் குனிந்து வணங்கக் கற்றுக்கொண்டார். யாருக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள இன்னும் ஒன்பது நாள் தங்கியிருக்க வேண்டும். திரும்பி வந்த முதல் வாரம் எடை போடும் குமாஸ்தாவுக்கு இடுப்பு மடங்கக் குனிந்தார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அந்த ஆள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. முதலாளி காபியை விட்டுவிட்டுப் பச்சைத் தேநீர் குடித்தார், யாராவது பார்க்கும்போது.

கண்காட்சிக்கு அவர் ஏற்பாடு செய்த பொக்கிஷங்களில் பெரும்பாலானவை போட்டோக்கள். மணி, சுருள் ஓவியம், சிங்கமுகம். எல்லாவற்றுக்கும் கோட்டைமேட்டில் பிரேம் கடை வைத்திருக்கும் பீர் முகம்மதுதான் கண்ணாடி போட்டார். ஒன்றே ஒன்றுதான் அசல். ஏதோ ஒரு மலைக்கோயிலிலிருந்து, கருணைத் தெய்வத்தின் சிறு உருவம் வைத்த மரப்பெட்டி. அந்தக் கோயில் வழக்கப்படி முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் கதவு திறக்கும். அடுத்த முறை இரண்டாயிரத்து ஒன்பதில். அதுவரை பூசாரிகூடப் பார்க்க முடியாது. மூடிய பெட்டியைத்தான் கும்பிட வேண்டும்.

பெட்டி கப்பலில் வந்து துறைமுகத்தில் நின்றுவிட்டது. உள்ளே என்ன என்று பார்க்காமல் வெளியே விட முடியாது என்றார் அங்கிருந்த அதிகாரி. பார்க்கக் கூடாது என்பதுதான் அந்தப் பொருளே என்றது ஜப்பானியர் கடிதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் காரியம் நடக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஈஸ்வரமூர்த்தி பிரேம் கடைக்கு வந்தார். குனியவில்லை.

“பாய், ஒரு பொட்டி செய்யணுமுங்க. போட்டோ இருக்குது.”

“உள்ள என்ன வெக்கறதுங்க?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. தொறக்கவே போறதில்ல.”

பீர் முகம்மது போட்டோவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“பேப்பர்காரங்களைக் கூப்புட்டுச் சொல்லிப்போட்டேன் பாய். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நோட்டீஸ் போயிருச்சு. அசல் வந்தா மாத்திக்கலாமுங்க. என்ற மானம் உங்க கையில.”

பீர் முகம்மது கடை பிரேமைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டியதில்லை என்று ஊரில் பேச்சு. முன்னால் தேக்கு என்றால் பின்னாலும் தேக்கு. அட்டை என்றால் அட்டை என்று வாயால் சொல்லித்தான் விற்பார். முருகன், மாதா, காபா, யாருக்கானாலும் ஒரே ஆணி. அப்படிப்பட்டவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்டால், அந்தப் போட்டோவில் கதவின் விளிம்பு வளைந்திருந்த அழகுதான் காரணம். வேலைக்காரனுக்கு அது போதும். வாகை மரத்தில் மூன்று நாளில் செய்தார். ஏழு கை பாலீஷ். பித்தளைப் பட்டையைத் தானே வெட்டி, தானே பூ செதுக்கினார். மனைவி ஜாஹிதா டீ கொண்டுவந்தவள் கதவைத் திறந்து பார்த்தாள்.

“ஏனுங்க, உள்ள பாலீஷ் போடலியா?”

“தொறக்க மாட்டாங்களாம்.”

“பொறவு பூட்டு எதுக்குங்க?”

“அசல்ல இருக்குது.”

“ஒண்ணுமில்லாததுக்குப் பூட்டு வேற,” என்றாள் ஜாஹிதா. டீ கிளாஸைப் பெட்டிமேல் வைக்கப் போனவள், என்னவோ தோன்றித் தரையில் வைத்தாள்.

மூடிய கதவைக் காட்டினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்களோ என்று ஈஸ்வரமூர்த்தி பயந்தார். அவருக்கு ஜப்பானைத் தெரிந்த அளவு பக்கத்திலிருக்கும் கிணத்துக்கடவைத் தெரியாது. கோயிலுக்குப் போனால் பாதி நேரம் திரை போட்டுத்தான் இருக்கும். திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் கும்பிடுவதில் சேர்த்தி என்று வளர்ந்த ஜனங்கள் இவர்கள். மேடைப் படியில் செருப்பைக் கழற்றினார்கள். உட்கார்ந்தார்கள். “நடை எப்பங்க தொறக்கும்?” என்று கழகத்து உறுப்பினர்களைக் கேட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் என்று பதில் வந்தது. “அலங்காரம் நடக்குதாட்ட இருக்குது,” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. இரண்டாம் நாள் ஒருவர் சூடம் கொளுத்திவிட்டார்; பனிக்காலம் முழுக்கப் பஞ்சு என்பதை நினைத்துப் பீர் முகம்மது ஓடிப்போய் ஊதி அணைத்தார். ஈஸ்வரமூர்த்தி முதலில் கோபப்பட்டார். பிறகு அதற்குப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பெயர் வைத்துச் சமாதானமானார்.

நகானோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில்லில் புது மெஷின்களைப் பொருத்த வந்து ஆறு மாதமாக விருந்தினர் அறையில் இருக்கும் ஜப்பான் இன்ஜினியர். தமிழை மில் பெண்களிடம் கற்றதால் நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். விளக்கேற்றிக் கண்காட்சியைத் திறந்து வைத்தவர் அவர்தான். பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். கதவு சேரும் இடத்தில் ஒற்றை விரலை ஓட்டினார். ஏணியோரம் நின்ற பீர் முகம்மதுவிடம் வந்து, “வேலை நல்லா இருக்குதுங்க,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “துறைமுகத்துல இருந்து எனக்கும் போன் வருமுங்க,” என்றார். தலைவருக்குக் குனிந்ததைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிந்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு யாரிடமும் மூச்சு விடவில்லை. மரியாதை தெரிந்த இரண்டு ஊர் சந்தித்துக்கொண்டால் உண்மைக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை.

இன்று மூன்றாம் நாள். பஞ்சு ஒட்டிய கையோடு பீர் முகம்மது ஏணியிலிருந்து இறங்கினார். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. மற்றவர்களைப் போலப் பேச்சு இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க பாய், நீங்க இங்க வேலை பாக்கறவிய தான? கதவு எப்பங்க தொறப்பாங்க?”

“தொறக்க மாட்டாங்கம்மா. அது அவங்க வழக்கமாம்.”

“மத்தியானத்துக்குள்ள தொறந்தாப் போதுமுங்க. நான் கிணத்துக்கடவு. நாச்சியம்மாள்னு பேரு. ஊட்டுக்காரரு இங்க ஆஸ்பத்திரில கெடக்கறாரு.” பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துக் காட்டினாள். வாழை இலைத் துண்டில் மடித்து நாரால் கட்டியது. இரண்டும் ஒரே அளவு. “ஒண்ணுல வெள்ளப் பூ, ஒண்ணுல செவப்பு. சாமி முன்னால வெச்சு, ஒண்ண எடுக்கச் சொல்லி வாக்குக் கேக்கோணும். நெஞ்சுல ஆபரேசன் பண்ணோணும்கறாரு டாக்டரு. ரெண்டு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடோணும். இல்லாட்டி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிப்போட்டாரு.”

“உங்க ஊர்க் கோயில்ல கேக்கலீங்களா?”

“மூணு வாட்டி கேட்டனுங்க. ஒருக்கா வெள்ள வந்துது, ஒருக்கா செவப்பு வந்துது. மூணாவது வாட்டி பூசாரி பொட்டலத்தக் கீழ போட்டுட்டாரு.” அவள் சிரிக்கவில்லை. “இவரு நோம்பி வரி குடுக்க மாட்டேன்னு ரெண்டு வருசம் சண்டை போட்டாருங்க. உள்ளூர்ச் சாமிக்கு மனசுல இருக்குமல்ல. இது வெளியூர்ச் சாமி. எங்க ஊட்டுக்காரரு செங்கோடன் ஆருன்னே இதுக்குத் தெரியாது. பாரபட்சம் பாக்காதுங்க.”

மண்டபத்துக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டேகால்.

பீர் முகம்மது பஞ்சை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேராக ஈஸ்வரமூர்த்தியிடம் போனார். அவர் மூங்கிலில் உலக அமைதிச் சீட்டு ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மற்ற சீட்டுகளில் பெருந்துறை சிப்காட்டில் வேலை, கேஸ் இணைப்பு, நல்ல இடத்துச் சம்பந்தம், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புத்தி.

“சொல்லிப்போடலாமுங்க,” என்றார் பீர் முகம்மது. “அந்தம்மா அந்தப் பொட்டிகிட்ட ஆபரேசன் கேக்கறதுக்கு வந்திருக்குது.”

“ரெண்டு நாள் பொறுங்க பாய். ஞாயித்துக்கெழமை முடிஞ்சிரும்.”

“அவங்களுக்கு ரெண்டு மணியோட முடிஞ்சிருமுங்க.”

“கதவு தொறக்காதுன்னு சொல்லி அனுப்பிப்போடுங்க.”

“தொறக்கலீன்னா சாமி வேண்டாம்னு சொல்லிருச்சுன்னு ஆளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஒண்ணுமில்லாத பொட்டியக் காட்டி ஒரு ஆளக் கொல்றதாங்க?”

ஈஸ்வரமூர்த்தியின் முகத்தில் வேர்த்தது. “நகானோ சார் முன்னாடி என்ற மூஞ்சிய எங்க வெக்கறது?”

“அவருக்கு மொத நாளே தெரியுமுங்க.”

தலைவர் கோடைகாலத்து ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் செருகியிருந்த விசிறியை எடுத்தார், விரிக்கவில்லை. “மூணு நாளா ஒண்ணுமே சொல்லலீங்களே அந்த மனுசன்.”

“மரியாதைங்க.”

“அத்தன பேருக்கும் முன்னால நின்னு பேசினேன்,” என்றார் ஈஸ்வரமூர்த்தி மெல்ல. “பின்னால நின்னு கையத் தட்டினாரு.” மூங்கிலைப் பார்த்தார். அவருடைய சீட்டு மட்டும்தான் தங்க எழுத்து. பிறகு பெட்டிச் சாவியை எடுத்து நீட்டினார். அவரைப் பார்க்கப் பீர் முகம்மதுவுக்குப் பாவமாக இருந்தது. ஒரு ஊர்மேல் ஆசைப்பட்ட குற்றம்தான். அதை இந்த ஊரில் வைத்துச் செய்துவிட்டார்.

பீர் முகம்மது சாவியோடு மேடையில் ஏறினார். முப்பது வருஷப் பெயர் போகப் போகிறது. ஜனங்கள் நிமிர்ந்தார்கள். பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் விலக்கினார். பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் பார்த்தார்கள். உள்ளே வெறும் மரம். பாலீஷ் படாத வெளிர் வாகை, பென்சில் கோடுகள், ஒரு மூலையில் வழிந்து காய்ந்த பசை.

“இது அசலில்லீங்க. நான் செஞ்சது. கோட்டைமேட்டுல வெச்சு. உள்ள ஒண்ணுமில்ல. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்.”

“அப்பவே நெனச்சேன்,” என்றது ஒரு குரல். நினைத்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். மற்றவர்கள், அடுத்தது என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காக உட்கார்ந்தே இருந்தார்கள்.

நாச்சியம்மாள் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா ஆருக்குங்க தெரியும்?”

“அதானுங்கம்மா.”

“கேவலமில்லீங்களா உங்களுக்கு, இத்தன சனத்துக்கு முன்னால?”

“இருக்குதுங்க.”

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இரண்டு பொட்டலங்களையும் முந்தானைக்குள் வைத்து இடம் மாற்றி, மறுபடி மாற்றி, பெட்டிக்குள் பென்சில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தாள்.

“எடுங்க.”

“அம்மா, நான் முஸ்லிமுங்க.”

“எடம் காலியாத்தான கெடக்குது. அங்க ஆருக்கும் கோவம் வராதுங்க.”

“டாக்டரு சொல்றதக் கேளுங்கம்மா. படிச்சவரு. ஆபரேசன் பண்ணிக்கோங்க.”

“அது எனக்குத் தெரியாதுங்களா? கையெழுத்துப் போடற கைதான் வரமாட்டீங்குது.” அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். “நாலு நாளா ஆரக் கேட்டாலும் நல்லதாவே சொல்றாங்க. நல்லதா சொல்றவியள எப்படிங்க நம்பறது? நீங்க எடுங்க.”

“வெள்ளைன்னா என்னங்க? ஆபரேசன் பண்ணலாம்னா, வேண்டாம்னா?”

“சொல்ல மாட்டேனுங்க. சொன்னா நல்ல மனசுல தொட்டுப் பாத்து எடுத்துப்போடுவீங்க.”

யாரோ போய் மின்விசிறியை நிறுத்தினார்கள். ஈஸ்வரமூர்த்தி பெஞ்சை விட்டு எழுந்து வந்து, வரிசையில் பின்னால் நின்றுகொண்டு, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிய நகானோ வாசலிலிருந்தே கூட்டத்தைக் கண்டு, எதுவும் கேட்காமல், இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பீர் முகம்மது தன் கையைப் பார்த்தார். நகக் கண்ணில் கறுப்புப் பாலீஷ், புறங்கையில் பஞ்சு. இரண்டு பொட்டலமும் ஒரே பச்சை, ஒரே நார், ஒரே முடிச்சு. எந்த வேலைக்காரனும் குறை சொல்ல முடியாதபடி கட்டியிருந்தாள். நாச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு, உள்ளே அளவெடுக்கும்போது நீட்டியதைப் போல, கையை மெதுவாகப் பெட்டிக்குள் நீட்டினார். மேலே எங்கோ ஒட்டாமல் நின்ற ஒரு துணுக்குப் பஞ்சு பிரிந்து, காற்றே இல்லாத மண்டபத்தில், எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது.