ரத்தத்தில் தேடிய விரிசல்

கொதிகலன் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. ஒட்டிய இரும்பைப் படம் பிடித்து, ஒட்டுக்குள் விரிசல் இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வெளியே பளபளவென்று இருக்கும் ஒட்டு உள்ளே பொத்தலாக இருக்கும். கொதிகலனில் அழுத்தம் ஏறும்போது அது வாயைப் பிளந்தால் பக்கத்தில் நிற்பவர் கதி அதோகதிதான். அதனால் எக்ஸ்ரே யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

தாட்சண்யம் பார்க்காததில் ஒரு சிக்கல் இருந்தது. அதே கூடத்தில் வெல்டராக இருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். கைத்தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் மாதத்துக்கு ஒரு ஒட்டாவது எக்ஸ்ரேவின் படத்தில் மாட்டிக்கொள்ளும். வெட்டியெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அன்றைக்கு மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "எங்க அண்ணன் ஒட்டுறாரு, நீங்க பிரிக்கிறீங்க. குடும்பம் மட்டும் பிரியாம இருந்தாச் சரி" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். இருவரும் சண்டை போட்டதில்லை என்றாலும், ஒருவரை ஒருவர் அளந்து பேசித்தான் பழக்கம்.

அது நடந்தது ஒரு சாப்பாட்டு இடைவேளையில். படம் பிடிப்பதற்குக் கதிர்வீச்சு வேண்டும். கதிர் வீசும் துண்டு மிளகு அளவுதான் இருக்கும். அதைத் தூக்கமுடியாத கனமுள்ள ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பி அதைக் குழாய் வழியாகத் தள்ளி ஒட்டின் பக்கம் கொண்டுபோகும். படம் விழுந்ததும் திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். வந்துவிட்டதா என்று அளவுக் கருவியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். அதற்காகத்தான் கூடத்தையே காலி செய்து, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டுவது.

அன்றைக்கு வெக்கை பிடுங்கித் தின்றது. எக்ஸ்ரே மேல்சட்டையைக் கழற்றிக் கயிற்றுக்கு வெளியே ஒரு கொக்கியில் மாட்டினார். உடம்பில் விழும் கதிரைக் கணக்கு வைக்கும் வில்லை அந்தச் சட்டையில்தான் இருந்தது. கதிர் பட்டால் கீச்சிடும் சின்னக் கருவியும் அதன் பையில்தான் இருந்தது. கையில் பிடிக்கிற அளவுக் கருவியிலோ பேட்டரி தீர்ந்திருந்தது. புது பேட்டரி மேசை மேலேயே கிடந்தது. இன்னும் இரண்டே இரண்டு படம், முடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். இத்தனை வருஷமாக ஒழுங்காகத் திரும்பி வந்த துண்டு இன்றைக்கு மட்டுமா வராமல் போகும்?

அன்றைக்கு அது வரவில்லை. கம்பியின் முனை கழன்று, துண்டு குழாயின் நுனியிலேயே தங்கிவிட்டது. வெறும் கம்பி மட்டும் சமர்த்தாகப் பெட்டிக்குத் திரும்பியது. எக்ஸ்ரே நிம்மதியாகக் குழாய் பக்கத்தில் போய் நின்று, பழைய ஃபிலிமை எடுத்துப் புது ஃபிலிமை வைத்துக் கட்ட ஆரம்பித்தார்.

கைப்பிடி சுற்றி முடிந்ததைப் பார்த்துக் கூடத்துக்குள் வந்த மச்சான், கயிற்றுக்கு வெளியே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குள் அன்றைக்கு நல்ல நேரம். மாமனார் ஒழுகும் தண்ணீர்க் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பி, வீட்டையே குளமாக்கிய கதையை எக்ஸ்ரே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் அப்பாவின் கதை என்பதால் மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்புக்கு நடுவில்தான் அவர் காதில் அந்தக் கீச் சத்தம் விழுந்தது. முதலில் குருவி என்று நினைத்தாராம். பிறகுதான் தலைக்கு மேலே தொங்கிய சட்டையைப் பார்த்தார். துண்டு பெட்டிக்குள் போய்விட்டால் அது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கத்தினார், கையை ஆட்டினார். பக்கத்திலேயே ஓடிய காற்றாடியின் இரைச்சலில் எக்ஸ்ரேவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு இன்னும் அடங்கவில்லை போல என்று நினைத்துக் கதையைத் தொடர்ந்தார். மச்சான் யோசிக்கவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடிப்போய் அவர் பனியனைக் கொத்தாகப் பிடித்து, தரதரவென்று வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்துதான் விட்டார். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அதன் பிறகு ஏக அமர்க்களம். கட்டடத்தையே காலி செய்தார்கள். இதற்கென்றே பழகியவர்கள் வந்து, நீளமான இடுக்கியால் அந்தத் துண்டைப் பிடித்து ஈயப் பாத்திரத்துக்குள் போட்டார்கள். எக்ஸ்ரேவுக்கு உடம்பில் ஒரு சூடு இல்லை, வலி இல்லை, சின்ன அரிப்புகூட இல்லை. அதுதான் அவரை அரித்தது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கேட்டைத் தேடியே பிழைத்தவருக்கு, தன் உடம்புக்குள் என்ன உடைந்தது என்று தெரியவில்லை. கணக்கு வைத்திருக்க வேண்டிய வில்லையோ தூரத்துக் கொக்கியில் தொங்கிவிட்டது.

மருத்துவமனைக்குப் போகும் வழியில், கூடவே வந்த பாதுகாப்பு அதிகாரி, வாந்தி வந்தால் உடனே சொல்லுங்கள், அது நல்ல அறிகுறி இல்லை என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மச்சான் குடம் குடமாக வாந்தி எடுத்தார். அதிகாரிக்கு முகம் வெளுத்தது. ஓட்டுநர் காரை விமானமாக்கினார். டாக்டர் ஓடி வந்து விசாரித்தபோதுதான், பின் சீட்டில் உட்கார்ந்தால் சின்ன வயதிலிருந்தே தனக்கு இப்படித்தான் என்று மச்சான் ஈனக்குரலில் சொன்னார். டாக்டர் இருவர் கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் சிவந்தாலோ கொப்பளித்தாலோ உடனே வரச் சொன்னார்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கணினியில் கணக்குப் போட்டார். திரையில் ஒரு மனித உருவம், பக்கத்தில் ஒரு புள்ளி. எவ்வளவு கிட்டே நின்றார், எந்தப் பக்கம் திரும்பி நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதைக் கொடுத்தால் எந்த உறுப்பில் எவ்வளவு கதிர் விழுந்திருக்கும் என்று அது நிறம் பூசிக் காட்டும். நேரத்தில்தான் முட்டிக்கொண்டது. எக்ஸ்ரே கொஞ்ச நேரம்தான் என்றார். மச்சான் ரொம்ப நேரம் என்றார். கடைசியில் அதிகாரி ஒரு யோசனை சொன்னார். அந்தத் தண்ணீர்க் குழாய்க் கதையை அன்றைக்குச் சொன்ன மாதிரியே, அதே இடத்தில் நின்று சொல்ல வேண்டும்.

காலிக் கூடத்தில், வெறும் குழாய் பக்கத்தில் நின்று எக்ஸ்ரே கதை சொன்னார். அதிகாரி நேரம் பார்த்தார். உலகத்திலேயே யாரும் சிரிக்காத சிரிப்புக் கதை அதுவாகத்தான் இருக்கும். மாமனார் குறடைத் தேடும் இடத்தில் அவர் குரல் உடைந்துவிட்டது. "பரவாயில்ல மாப்பிள்ளை, மெதுவாச் சொல்லுங்க. குறடு கட்டிலுக்கு அடியில இருந்துச்சு" என்று மச்சான்தான் எடுத்துக்கொடுத்தார்.

கணினி ஒரு வரம்பைக் கொடுத்தது. கீழ்முனையில் பயமில்லை, மேல்முனையில் பயம். கையளவு தள்ளி நின்றிருந்தால் ஒரு விடை, ஒட்டி நின்றிருந்தால் வேறு விடை. நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார் அதிகாரி.

ரத்தத்தைக் கேட்பவர் ஓர் ஆய்வகத்தில் இருந்தார். நடுவயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். கதிருக்கு நடுவே பாய்ந்த மச்சான் ஊசியைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எக்ஸ்ரே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று பிடித்ததற்கு அப்புறம் அந்தக் கையை அவர் பிடித்தது அன்றைக்குத்தான். கொல்லன் உலையிலிருந்து எடுத்ததுபோல் காய்த்துப்போன கை, ஊசி வெளியே வரும்வரை அவர் விரல்களை நெரித்தது.

அந்தப் பெண்மணி நிதானமாக விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை வளர்த்து, அவை இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் நிறுத்திக் கண்ணாடித் தகட்டில் பரப்புவார்களாம். அப்போது உள்ளே இருக்கும் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுப்பு. கதிர் பட்டு இரண்டு குரோமோசோம்கள் உடைந்தால், உடைந்த முனைகளை அணு தானே ஒட்டப் பார்க்கும். ஒட்டு மாறிப்போய் இதன் முனை அதனோடு சேர்ந்துவிட்டால் ஒரே துண்டுக்கு இரண்டு இடுப்பு வந்துவிடும். ஆயிரம் அணுவில் அப்படி எத்தனை என்று எண்ணினால், உடம்பு எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"அப்ப இதுவும் வெல்டிங்தானா?" என்றார் மச்சான். தப்பான இடத்தில் ஒட்டிவிட்ட வெல்டிங் என்று அந்த அம்மாள் ஒத்துக்கொண்டார்.

அணு வளர வேண்டும், பிறகு எண்ண வேண்டும். காத்திருந்த நாட்களில் வீட்டில் மனைவி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் அண்ணன். யாருக்காக முதலில் பயப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அண்ணனைத் தன் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டாள். காலையில் எழுந்ததும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது மாதிரி விரல்களைப் பார்ப்பாள். இருவருக்கும் தட்டு நிறையப் பரிமாறுவாள். தனக்குப் பசியில்லை என்பாள்.

ஒரு சாயங்காலம் எக்ஸ்ரே மச்சானிடம் மெல்ல ஆரம்பித்தார். வெளியே நின்று கத்தியிருந்தாலே போதுமே, எதற்கு உள்ளே வந்தீர்கள் என்று கேட்டார்.

மச்சான் வெகுநேரம் செருப்பின் வாரைச் சரிசெய்தார். "கத்தினேன், உங்களுக்குக் கேக்கல. அப்புறம் என்ன பண்றது? எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்புறம், கதையையும் பாதியில விட்டுட்டீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று அந்தப் பெண்மணி இருவரையும் உள்ளே கூப்பிட்டு, எக்ஸ்ரேவை நுண்நோக்கியில் பார்க்கச் சொன்னார். கத்தரிப்பூ நிறத்தில், குட்டிக் குட்டிப் புழுக்கள் மாதிரி என்னவோ சிதறிக் கிடந்தது. அத்தனையும் அவர்தான். ஒரு மூலையில் நீளமான ஒன்று, இரண்டு இடத்தில் இடுப்பு சிறுத்து நின்றது. ஆயிரமாயிரம் ஒட்டுப் படங்களைப் பார்த்த கண்ணுக்கு அதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை.

"பார்த்துட்டீங்களா? ஆயிரம் அணுவில இந்த மாதிரி ரெண்டே ரெண்டுதான்" என்றார் அந்த அம்மாள். "எந்தக் கதிரும் படாத ஆளுக்கே ஒண்ணு வரும். உங்க மச்சானுக்கும் ஒண்ணுதான் இருக்கு, அது அவர் பிறந்த வீட்டுச் சொத்து. நீங்க வாங்கினது கொஞ்சம்தான். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னிருந்தா இந்தத் தகடு வேற மாதிரி இருந்திருக்கும்."

எக்ஸ்ரே கண்ணை நுண்நோக்கியிலிருந்து எடுக்கவில்லை. மீதி அணுக்களில் ஒன்றுமே உடையவில்லையா என்று கேட்டார். உடைந்திருக்கும், சரியாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் அவர். கதிர் படாத நாளிலும் உடம்பில் அணுக்களுக்குள் ஏதாவது உடைந்துகொண்டும் ஒட்டிக்கொண்டும்தான் இருக்குமாம். நாம் சாப்பிட்டுக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கும்போது அது பாட்டுக்கு நடக்குமாம். இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விரிசல் விட்டால் விட்டதுதான், யாராவது வந்து பார்த்துச் சரிசெய்யும்வரை வளரும். இத்தனை வருஷம் உழைத்த உடம்பைப் பற்றி அவர் அப்படி நினைத்ததே இல்லை. கேட்காமலேயே யாரோ செய்துகொண்டிருந்த உதவி இப்போதுதான் தெரியவந்ததுபோல் இருந்தது.

ஆயிரத்தையும் யார் எண்ணினார்கள் என்று விசாரித்தார். அந்தப் பெண்மணி தானும் இன்னொரு பெண்ணும் தனித்தனியாக எண்ணியதாகவும், எண்ணிக்கை ஒத்துப்போன பிறகுதான் கூப்பிட்டதாகவும் சொல்லி, கண் வலிக்கிறதென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எக்ஸ்ரே எழுந்து நின்று கைகூப்பினார். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் கொடுங்கள், அது போதும் என்றார் அவர். மச்சான் உடனே, அது மாப்பிள்ளைக்கு மட்டும்தானே என்று உறுதிசெய்துகொண்டார்.

வெளியே வந்ததும், வாசல் படியிலேயே எக்ஸ்ரே நின்றுவிட்டார். "மச்சான், நீங்க இல்லேன்னா நான் அந்தக் கதையை முழுசாச் சொல்லி முடிச்சிருப்பேன்" என்றார். மச்சான் அவர் முதுகில் ஒன்று வைத்தார். வெல்டர் அடி, நன்றாகவே வலித்தது. முன் சீட்டு தனக்குத்தான் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மனைவி கதவைப் பாதி திறந்தபடி நின்றிருந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன்தான் சொன்னார், ஒன்றுமில்லை, இருவருக்கும் ஒன்றுமில்லை என்று. அவள் அழுவாள் என்று எக்ஸ்ரே எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோமே என்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழம்பை அதிலேயே ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. "உங்க ரெண்டு பேருக்கும் அப்புறமா வடிக்கிறேன்."

இருவரும் சுவரோடு சாய்ந்து எதிரே உட்கார்ந்துகொண்டு, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீர் கேட்டபோது இருவருமே ஒன்றாக எழுந்தார்கள்.