டிக்கியில் இருந்த பை

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்களுக்குப் பொருந்துற மாதிரி ஒரு கிட்னி வந்திருக்குங்க. மூணு மணிக்குள்ள வந்துடுங்க. வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்" என்றது ஒரு பெண் குரல்.

அவளுக்கு டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து காத்திருந்த போன். அவளுடைய பைகூடத் தயாராக டிக்கியில் இருந்தது. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. மறுபடி திருப்பினேன். 'டக்'. அவ்வளவுதான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இரு."

"ஒண்ணுமில்லன்னா ஸ்டார்ட் ஆகணும்ல?"

வாடகைக் காருக்குப் பார்த்தேன். போனில் வட்டம் சுற்றிச் சுற்றி, பக்கத்தில் வண்டி இல்லை என்றது. வெளியூரில் இருக்கும் மச்சினனைக் கூப்பிட்டேன். வண்டி விஷயம் அவனுக்கு அத்துப்படி.

"மாமா, பதறாதீங்க. ஹாரன் அடிங்க."

சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு முனகல்.

"பேட்டரி படுத்துருச்சு. வயர் லூசா இருக்கா பாருங்க."

பானட்டைத் திறந்து ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"அப்ப ஏதோ லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஹெட்லைட்டா?"

"இல்லடா."

"டிக்கி?"

பின்னால் போனேன். டிக்கி மூடியது போலத்தான் இருந்தது. ஆனால் விரல் நுழையும் அளவு இடைவெளி. ஆஸ்பத்திரித் தலையணை கல் மாதிரி இருக்கும் என்று முந்தின நாள் பைக்கு மேலே ஒரு தலையணையை நான்தான் திணித்தேன். அது கதவைப் பூட்ட விடவில்லை. உள்ளே இருந்த குட்டி பல்பு எரிந்து எரிந்து, இப்போது செத்த சிவப்பில் கிடந்தது.

"தலையணை" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க மாமா, செகண்ட் கியர்ல" என்றான் மச்சினன்.

நான் தள்ளினால் ஸ்டியரிங்கில் அவள்தான் உட்கார வேண்டும். உடம்பு கெட்ட பிறகு அவள் வண்டியைத் தொட்டதே இல்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடது கையில் பலம் கொடுக்கவும் கூடாது. சாவியைத் திருப்பிவைத்து, கியரையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

"கிளட்சை மிதிச்சுக்கோ. நான் விடுன்னா விடு."

மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். தெருவில் அவருக்குப் பேர் 'விசாரணை'.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தள்ளுங்க சார், சொல்றேன்."

"பெட்ரோல் இருக்கா?"

"தள்ளுங்க சார்!"

எங்கள் வாசலிலிருந்து தெரு கொஞ்சம் சரிவு. முனையில் குப்பைத் தொட்டி, அதற்கு மேல் ஏற்றம். சரிவு தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது.

வண்டி உருண்டது. "விடு!" என்று கத்தினேன். ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"வேகமே எடுக்கல, அதுக்குள்ள விடச் சொல்றீங்க. கத்தாதீங்க. கத்தினா எனக்குக் கால் நடுங்குது. எப்ப விடணும்னு எனக்குத் தெரியும்."

பாதிச் சரிவுதான் மிச்சம். பல்லைக் கடித்துத் தள்ளினோம். என் செருப்பு ஒன்று கழன்று போனது. தொட்டி நெருங்கியது. 'விடு' என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். அவள் விடவில்லை. இன்னும் விடவில்லை. இடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்த நேரம் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, புகை கக்கி, உறுமியது. தொட்டியை உரசாமல் ஒடித்துத் திருப்பினாள்.

"ஏறுங்க! நின்னா அணைஞ்சுடும்!"

ஒற்றைச் செருப்போடு ஓடி ஏறினேன். "ஆஸ்பத்திரிக்கு, சார்! கிட்னி!" என்று ஜன்னல் வழியே கத்தினேன். விசாரணை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஆள் மாறிக்கொள்ளலாம் என்றேன். "நிறுத்த மாட்டேன்" என்றாள். வழி முழுக்க அவள் கிளட்ச் மிதித்தாள், நான் பக்கத்திலிருந்து கியர் மாற்றினேன். ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது மூன்று தாண்டியிருந்தது.

"நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க, ஆஃப் பண்ணிடாதீங்க" என்று இறங்கினாள். "வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்னு சொன்னா வீட்டுக்குத் திரும்பணும்ல."

கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள்.

செக்யூரிட்டி வந்து தட்டினார். "சார், இங்க நிறுத்தக் கூடாது."

"இதோ எடுத்துடறேங்க."

"ஆஃப்பாவது பண்ணுங்க. புகை உள்ள போகுது."

"முடியாதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரரா? அடுத்த ஆளை இன்னும் கூப்பிடல. அட்மிட் பண்றோம், பையை எடுத்துட்டு வாங்க."

சாவியைத் திருப்பி அணைத்தேன். டிக்கியிலிருந்து பையை எடுத்து, தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"சார், வண்டியை எடுங்க!"

"இனிமே எடுக்க முடியாதுங்க, தள்ளணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.